ஜோடி ஜோடியாக வாங்கிய மீன்கள்

பருப்பு வேகாத தண்ணீர் என்று எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை எல்லோரும் திட்டுவார்கள். குழாய் வாயில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், குக்கரின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிடும். மைசூர் விஜயநகர் வீட்டில் அந்தத் தண்ணீரைத் தலையில் வைத்துக் கொண்டாடியவள் நான் ஒருத்திதான். என் மீன்களுக்கு அது அவ்வளவு ஒத்துக்கொண்டது.

அவை ஆப்பிரிக்க ஏரி ஒன்றின் பாறை இடுக்குகளில் வாழும் ஜாதி. கடையில் சிக்லிட் என்பார்கள். நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டுப்புடவைக் கடை மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ரவுடி. மீன் என்றாலே முகம் சுளிக்கும் எங்கள் ஐயங்கார் வீட்டுக்குள் தொட்டி நுழைந்ததற்கு ஒரே காரணம், இவை பாறையில் படியும் பாசியைத் தின்பவை, வேகவைத்த பட்டாணியும் கீரையும் போதும் என்று நான் அடித்துச் சொன்னதுதான்.

தரித்த கரு எதுவும் தங்காமல் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. மருத்துவர்கள் கையை விரித்த பிறகு ஒரு சனிக்கிழமை, என் கணவர் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் இருந்த மீன் கடைக்கு என்னை அழைத்துப்போனார். எனக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். நான் ஒரு நீல மீனைக் காட்டி, அதில் ஒரு ஜோடி வேண்டும் என்றேன். கடைக்காரர் சிரித்தார்.

"ஜோடியெல்லாம் இதுக்கு ஆவாதுக்கா. ஒரு ஆணு, ஒரு பொண்ணுன்னு உட்டீங்கன்னா, தொரத்தித் தொரத்தியே பொண்ணைக் கொன்னுடும். நாலஞ்சு பொண்ணா உடுங்க. கூடவே வேற மீனுங்களையும் கும்பலா உடுங்க. அடி பங்காப் போயிடும்."

அடி பங்காகப் போய்விடும் என்ற அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. வாங்கி வந்து விட்டபோது அது உண்மைதான் என்று தெரிந்தது. ஆண் மீன் ஒருத்தியைத் துரத்தும், அவள் கல்லுக்குப் பின்னால் மறைவாள், அதற்குள் இன்னொருத்தி கண்ணில் படுவாள், அவளைத் துரத்தும், வழியில் ஒரு மஞ்சள்காரன் குறுக்கே வருவான், சண்டை அங்கே போய்விடும். யாருக்கும் முழு அடி கிடையாது. கல்லும் முக்கியம். ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியக் கூடாது. புதிதாக யாரையாவது விடுவதென்றால் முதலில் கல்லையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்க வேண்டும். அப்போதுதான் பழைய ஆட்களுக்கும் இது என் இடம் என்ற திமிர் இருக்காது. இதையெல்லாம் கற்றுக்கொள்வதற்கு எனக்கு நிறைய நேரம் இருந்தது.

இப்போது பெரியவரைச் சொல்ல வேண்டும். என் கணவரின் அண்ணா. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவியும் எங்களோடு அதே வீட்டில்தான் இருந்தார்கள். பிள்ளை வெளிநாட்டில். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர். வங்கியில் திட்டுவதற்கு ஆள் வைத்திருந்த மனிதர், வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. காலையில் பால்காரரிடம் ஆரம்பிப்பார். கார் நிறுத்திய கோணம் சரியில்லை என்று என் கணவர், காபியில் டிகாக்‌ஷன் இறங்கவில்லை என்று நான், பெருக்கியது போதாது என்று வேலைக்கு வரும் அம்மா, மிச்சம் மீதி என் ஓர்ப்படிக்கு. நான் அவளை மன்னி என்று கூப்பிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து மெதுவாகவே பேசிப் பழகியவள். அவர் கத்தும்போது புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பாள்.

அந்த வருடம் நவராத்திரிக்குச் சில நாள் முன்பு, என் தொட்டியில் ஒரு நீலக்காரி முட்டையை வாயில் வாங்கிக்கொண்டாள். இந்த ஜாதியில் தாய்தான் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். மூன்று வாரம் போல ஒன்றும் தின்னாது. குஞ்சு நீந்தும் பருவம் வந்த பிறகுதான் வாயைத் திறந்து விடும். இவள் முன்பெல்லாம் இரண்டே நாளில் விழுங்கிவிடுவாள். இந்த முறை தாங்கிக்கொண்டிருந்தாள். தாடை பூரித்து, உடம்பு இளைத்து, ஒரு பெரிய கல்லுக்கு அடியில் அசையாமல் நின்றிருப்பாள். அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவள் தாடையைத்தான் பார்ப்பேன். அது மீன்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் பார்ப்பேன்.

கொலு வைக்கும் நாள் நான் அலுவலகம் போய்விட்டேன். பெரியவருக்குக் கூடத்தில் படி கட்டியதும் பக்கத்திலிருந்த தொட்டி உறுத்தியிருக்கிறது. கல்லும் பாசியுமாகக் கிணற்றடி மாதிரி இருக்கிறதாம். மைசூரில் கொலு என்றால் முதலில் மேலே ஏறுவது ராஜா ராணி பொம்மைதான். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் மர பொம்மை ஜோடி. அதைப் பட்டுச் சுற்றி உட்கார வைத்த கையோடு அவருக்கு ஒரு யோசனை. மண்டி மொஹல்லாவுக்குப் போய், வேறு ஏதோ கடையில், நிறத்துக்கு ஒரு ஜோடியாக மீன்கள் வாங்கி வந்திருக்கிறார். கல்லையெல்லாம் எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டு, கண்ணாடி போலத் துலங்கும் தொட்டியில் அத்தனையையும் விட்டுவிட்டார்.

நான் வந்தபோது அவர் படிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா? இப்பத்தான் மங்களகரமா இருக்கு. எல்லாம் ஜோடி ஜோடியா. கல்லை வெச்சு மறைச்சுண்டு மீன் வளக்கறாளாம்!"

நான் தொட்டியைப் பார்த்தேன். மறைய ஓர் இடம் இல்லாத தண்ணீரில் எல்லோரும் எல்லோரையும் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் நீலக்காரி மேல் மூலையில் வடிகட்டிக் குழாயை ஒட்டி நின்றாள். வால் கந்தலாகியிருந்தது. தாடை ஒட்டிப்போயிருந்தது. முட்டைகளைத் துப்பிவிட்டிருந்தாள், அதை மற்றவை தின்று தீர்த்திருந்தன. கையில் பிடித்துத் தனிப் பாத்திரத்தில் விட்டேன். காலையில் அவள் செத்துப்போயிருந்தாள்.

இதுவரைக்கும் நடந்ததை முட்டாள்தனம் என்று விட்டிருப்பேன். அன்று சாயங்காலம் தாம்பூலத்துக்குப் பெண்கள் வந்தார்கள். அதற்குள் தொட்டியில் பாதி மீன்கள் போய்விட்டிருந்தன. தெருக்கோடி வீட்டு மாமி, "ஏன் இப்படிக் காலியா இருக்கு, குஞ்சு போட்டிருக்குன்னு சொன்னாளே?" என்று கேட்டாள். பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அவ கையில எதுவும் தங்காது மாமி. அதுலயும் குஞ்சுன்னா கேக்கவே வேண்டாம்."

யாரும் பேசவில்லை. என் கணவர் கொலுவுக்குச் சீரியல் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர், மாட்டிக்கொண்டே இருந்தார். மன்னி யாருக்கோ சுண்டல் கொடுக்கப் போய்ப் பாதியைக் கீழே சிந்தினாள். நான் சிரித்தேன். முகத்தில் வேறு எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாததால் சிரித்தேன். மறுநாள் விடிந்து பார்த்தபோது, கொல்லையில் கிடந்த கற்களையெல்லாம் மன்னி தேய்த்துக் கழுவித் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தாள்.

அந்த வார்த்தையை நான் உப்புப் போட்டு ஊறவைத்தேன். மறக்கக் கூடாது என்று தினமும் ஒரு முறை கிளறிவிட்டேன். அவர் அதே வார்த்தையை, அதே பெண்களுக்கு முன்னால், என் வாயால் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் அவர் என் கூரைக்கடியிலிருந்து போக வேண்டும். ரிங் ரோடு பக்கம் கட்டிய அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன் என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். காபி கொடுக்கும்போதெல்லாம், "உங்க அந்தஸ்துக்கு லிஃப்ட் வெச்ச வீடுதாண்ணா சரி" என்பேன். வீட்டுக்கு அடங்கிய மருமகளாக நான் இருந்தது அந்தச் சில மாதங்கள்தான். அவர் பூரித்துப்போனார். தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். மன்னி வாசலில் திரும்பிப் பார்த்தபோது நான் கையை ஆட்டினேன், மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து அவர் தொட்டி வாங்கினார். என்னுடையதைவிடப் பெரியது. வாங்கிய பிறகு எனக்குத் தகவல் சொல்ல வந்தார். அவர் யோசனை கேட்கிற ஆள் இல்லை.

"நான் ஜோடி ஜோடியாத்தான் விடப்போறேன்."

"அதாண்ணா நல்லது."

"கல்லு கில்லு கிடையாது. வெள்ளை மணல், நடுவுல ஒரு சங்கு."

"பாக்க லட்சணமா இருக்கும்."

"எங்களுக்குக் காவேரித் தண்ணியாக்கும். உன்னோட போர் தண்ணி மாதிரியில்ல, பருப்பு பூவா வேகறது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ண்ணா."

சுண்ணாம்புச் சத்து இல்லாத தண்ணீர், மறைவில்லாத தொட்டி, ஆணுக்கு ஒரே ஒரு பெண். ஒரு வாய் வார்த்தை போதும், அத்தனை மீன்களும் பிழைத்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. மீன்களை நினைத்தால் பாவமாக இருந்தது. அவரை நினைத்தால் சரியாகிவிடும்.

பிறகு மன்னியின் போனுக்காகக் காத்திருப்பதே என் வேலையானது. மத்தியானம் அவர் தூங்கும்போது பேசுவாள். "இன்னிக்கும் ஒண்ணு போயிடுத்து" என்பாள். "எது மன்னி, நீலமா, ஆரஞ்சா?" என்று நான் ஆவலோடு கேட்பேன். அவள் வேறு எதையோ சொல்ல ஆரம்பிப்பாள், உள்ளேயிருந்து "யாரோட பேச்சு அங்க?" என்று சத்தம் வரும், வைத்துவிடுவாள். நான் அந்தச் சத்தத்தைப் பற்றி யோசிக்கவில்லை. மீதி எத்தனை மீன்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு இனித்தது.

நவராத்திரி வந்தது. அவர்கள் வீட்டில் முதல் கொலு. பழைய தெருப் பெண்களையெல்லாம் பெரியவரே போனில் கூப்பிட்டிருந்தார், தெருக்கோடி மாமி உட்பட. நான் கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஸ்கூட்டரில் போகும்போது சிக்னலில் நின்று அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தொட்டி கொலுவுக்குப் பக்கத்தில் ஜொலித்தது. உள்ளே இரண்டே மீன்கள். கரும்பட்டை போட்ட ஒரு பெரிய நீல ஆண், சங்கைச் சுற்றி ராஜநடை போட்டுக்கொண்டிருந்தான். இன்னொருத்தி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மேல் மூலையில், வடிகட்டிக் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இடுக்கில், தலை மேலாகச் செருகிக்கொண்டு நின்றாள். செதில் பெயர்ந்து, வால் நுனி இல்லாமல். வெளியே வந்தால் அடி, அதனால் அங்கேயே நின்று பழகிவிட்டாள்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் பெரியவர் சமையலறையைப் பார்த்துக் கத்தினார்.

"சுண்டல்ல உப்பு போட்டியா, கொட்டினியா? ஒரு காரியம் ஒழுங்கா வராது நோக்கு!"

வந்திருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் எடுக்கும் சாக்கில் உள்ளே போனேன். மன்னியைக் காணோம். பிறகு பார்த்தேன். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஒன்பது மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள்.

"இங்க நின்னா அவர் கண்ணுல படமாட்டேன்" என்றாள்.

நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவள் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது.

"அங்க இருந்தப்ப எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கெடைக்கும். இப்ப எல்லாம் நேக்கே."

அடி பங்காகப் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னதை வருடக்கணக்காக மற்றவர்களுக்கு ஒப்பித்தவள் நான். அந்த வீட்டைப் புகழ்ந்து புகழ்ந்து, இவளை அவரோடு ஜோடியாகத் தனித்தொட்டியில் விட்டவளும் நான். என் மேலேயே ஆத்திரம் வந்தது. அதையும் சேர்த்து அவர் தலையிலேயே கட்டினேன்.

"மன்னி, கிளம்புங்கோ. எங்காத்துக்குப் போலாம்."

"கொலு நடுவுலயா?"

"ஆமாம், கொலு நடுவுலதான்."

அவள் இடுக்கிலிருந்து வெளியே வந்தாள். தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், வந்திருந்த ஒவ்வொருத்திக்கும் குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு தேங்காய் கொடுத்து, ஒரு குறையும் வைக்காமல் முடித்தாள். மாற்றுப்புடவை ஒரு பையில். அவ்வளவுதான் அவள் எடுத்துக்கொண்டது.

நான் சுண்டல் கொண்டுபோக வைத்திருந்த எவர்சில்வர் தூக்கைக் கழுவி, தொட்டித் தண்ணீரை மொண்டு, இடுக்கில் நின்றவளைக் கையால் வழித்து அதற்குள் விட்டேன். அவள் துள்ளவே இல்லை. தெருக்கோடி மாமி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

பெரியவர் எழுந்தார். "என்ன கூத்து இது? சுமங்கலி கொலு நடுவுல ஆத்தை விட்டுப் போவாளா? அந்த மீனை எங்க எடுத்துண்டு போறே?"

ஒரு வருடம் ஊறிய வார்த்தை வெளியே வந்தது. நான் வைத்திருந்த வடிவத்தில் வரவில்லை, அதைவிட நன்றாக வந்தது.

"என் கையில எது தங்கறதுன்னு ஊரு பாக்கட்டும்ண்ணா."

கூடத்தில் அதே மௌனம். இந்த முறை அது என் பக்கம் இருந்தது. மாமி எனக்காக வாசல் கதவைத் திறந்துவிட்டாள். பெரியவரின் முகம் அப்போது போன போக்கை நான் இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், சலிக்கவில்லை.

மன்னி அதற்கு முன் ஸ்கூட்டரில் உட்கார்ந்ததே இல்லையாம். ஒரு கையால் என் இடுப்பையும் இன்னொரு கையால் தூக்கையும் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும், "இருக்கியாடி?" என்று தூக்கைக் கேட்டாள். வீட்டு வாசலில் என் கணவர் எங்கள் இருவரையும் பார்த்தார், பையைப் பார்த்தார். "வாங்கோ மன்னி" என்று பையை வாங்கிக்கொண்டார். போன வருடம் விளக்கு மாட்டிக்கொண்டே இருந்ததற்கு அதை ஈடாக எடுத்துக்கொண்டேன், பாதி ஈடாக.

தொட்டியில் விடுவதற்கு முன் கற்களையெல்லாம் கலைத்தேன். எவனுக்கும் பழைய இடம் கிடையாது என்று வேறு மாதிரி அடுக்கினேன். பிறகு கை அரிப்பு நிற்காமல், பெரியவர் உட்காரும் நாற்காலியைக் கொல்லையில் போட்டேன், அவர்கள் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினேன். மன்னி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கட்டிலின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.

விஜயதசமிக்குள் வந்துவிடுவாள் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். விஜயதசமிக்கு மறுநாள் கொலுவை அவரே இறக்கினார் என்று கேள்வி. மேல்கோட்டையிலிருந்து உறவினர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக பஸ் ஏறி வந்து எனக்குப் புத்தி சொன்னார்கள். காபி கொடுத்து அனுப்பினேன். மன்னி தன் பாட்டுக்குப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இப்போது கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறாள். தொலைக்காட்சி ரிமோட்டுக்கு என்னோடு சண்டை போடுகிறாள்.

தூக்கில் வந்தவளுக்கு வால் வளர்ந்தது. மார்கழியில் ஒரு நாள் தாடை பூரித்து நின்றாள். மன்னியும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாட்களைக் கடத்தினோம். விழுங்கவில்லை. குஞ்சுகள் எள்ளளவு எள்ளளவாகக் கல்லிடுக்கில் சிதறி நின்ற அன்றைக்கு, தெருக்கோடி மாமியை நானே போய்க் கூப்பிட்டுவந்து காட்டினேன். செய்தி போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அவள் கொண்டுபோவாள் என்று தெரியும்.

கொண்டுபோய்விட்டாள். போன வாரம் அவர் போன் செய்தார். மன்னியைக் கேட்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அந்த நீல மீன் நாலு நாளா ஒண்ணும் திங்கலை. கண்ணாடில தன்னையே பாத்து முட்டிண்டிருக்கு. அத்தனாம்பெரிய தொட்டில ஒத்தையா இருக்கறதுனாலயோ என்னமோ. நீதான் சொல்லணும். என்ன பண்றது?"

மன்னி எதிரே உட்கார்ந்து பட்டாணித் தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். போனிலிருந்து வந்த குரல் அவளுக்குக் கேட்டது. கை நிற்கவில்லை.

"நீங்க எது பண்ணினாலும் சரியாத்தான் இருக்கும்ண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.